நாலு டப்பா வாங்கும் முன் குலுக்கையைப் பாருங்கள்

கேள்வி:

வணக்கம் மேடம். எங்களுக்குத் தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். 1500, 3000 மீட்டர் ஓடுகிறாள். போன வருடம் மாவட்டத்தில் முதலாவது வந்தாள். 3000 மீட்டரை 11 நிமிடம் 10 வினாடியில் ஓடியவள், இந்த மூன்று நாலு மாதமாக 11 நிமிடம் 40 வினாடிக்குக் கீழே வரவே இல்லை. சீக்கிரம் மூச்சு வாங்குகிறது. ராத்திரி கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அழுகிறாள். எடை 44 கிலோ. ரத்தம் பார்த்தோம், ஹீமோகுளோபின் 12.1, நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். பயிற்சியாளர் சார் மல்டிவைட்டமின், கால்சியம் மாத்திரை, 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, எலக்ட்ரோலைட் பவுடர் என்று நாலு எழுதிக் கொடுத்தார். மாதம் 2,800 ரூபாய் ஆகிறது. நான் பீடி சுற்றுகிறேன், அவள் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கடன் வாங்கியாவது வாங்கிவிடுவோம், ஆனால் பலன் இருக்குமா? ஓடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்கிறார் சார். என் தம்பியோ ஒரு நாளைக்கு அஞ்சு லிட்டர் குடிக்கணும் என்கிறான். எது சரி? காலையில் அஞ்சு மணிக்கு டீயும் ரெண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுப் போவாள். வந்ததும் குளித்து ஸ்கூல் வேனைப் பிடிக்கவே நேரம் சரியாக இருக்கும். மத்தியானம் சோறு, ராத்திரி ரெண்டு தோசை. ஸ்கூலில் பாத்ரூம் சரியில்லை என்று அங்கே தண்ணீரே குடிக்க மாட்டாள். நாலு மாதமாக மாதவிலக்கு வரவில்லை, ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று சொன்னார்கள். இப்போதெல்லாம் மாடிப்படி ஏறினால் எனக்கும்தான் மூச்சு வாங்குகிறது, அது வயசு. அவளுக்கு என்ன?

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

மாத்திரையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, நாலு மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்று, அதில் இருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான் என்று சொன்னவர் யாராக இருந்தாலும் சொன்னது தவறு. நான் கல்லூரியில் 400 மீட்டர் ஓடிய நாட்களில் எங்களிடமும் இதைத்தான் சொன்னார்கள். மாதவிலக்கு நின்றால் நல்லபடியாகப் பயிற்சி செய்கிறாள் என்று பாராட்டுகூட உண்டு! அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்கு இருபது வயதுக்குள் கால் எலும்பில் விரிசல் விட்டது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

விஷயம் இதுதான். ஓட்டத்துக்குச் செலவாகிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்றால், உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்த ஆரம்பிக்கும். வீட்டில் வருமானம் குறைந்தால் முதலில் எதை நிறுத்துவோம்? இன்றைக்கே அவசியம் இல்லாததை. உடம்பும் அப்படியே செய்கிறது, மாதவிலக்கை நிறுத்துகிறது. அதோடு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது, எலும்பு தேய்கிறது, காயம் ஆறத் தாமதமாகிறது, ஓட்டம் மந்தமாகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்கு ரெட்-எஸ் என்று தனிப் பெயரே வைத்து, 2023-இல் மறுபடி விரிவாக எழுதியது. ஒரு பெண்ணின் எலும்பு வலிமையில் பத்தில் ஒன்பது பங்கு ஏறக்குறைய பதினெட்டு வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. உங்கள் பிள்ளை அந்தக் கடைசிப் படியில் நிற்கிறாள். மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நாலு ஆகிவிட்டது. இந்த வாரமே மகளிர் நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தைராய்டு உட்பட வேறு காரணங்களும் இருக்கலாம், அவர் பார்த்துச் சொல்வார்.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். ஒரு கிலோமீட்டர் ஓட, ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 44 கிலோ பிள்ளை காலையும் மாலையும் சேர்த்துப் பத்து கிலோமீட்டர் ஓடினால் 440 கலோரி. வீட்டில் சுடுகிற தோசை நாலு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு தோசை அவளுடைய சாப்பாட்டில் எங்கேயும் இல்லை. காலைச் சாப்பாடே இல்லையே! பதினாறிலிருந்து பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,500 கலோரி என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது, அது இப்படித் தினம் இரண்டு வேளை ஓடாத பிள்ளைக்கு. நீங்கள் எழுதியிருக்கிற டீ, பிஸ்கட், சோறு, ரெண்டு தோசை அதில் பாதியைத் தாண்டுமா என்பதே சந்தேகம்.

சரி, அடுத்தது ரத்தம். 12.1 நார்மல் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் கோடு போட்டிருக்கிறது. உங்கள் பிள்ளை கோட்டுக்கு மேலே ஒரு மயிரிழையில் நிற்கிறாள். ஆனால் ஹீமோகுளோபின் என்பது உலையில் வேகிற அரிசி. நெல் கொட்டி வைக்கிற குலுக்கையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அது சொல்லாது. குலுக்கை காலியான பிறகும் கொஞ்ச நாள் உலை கொதித்துக்கொண்டுதான் இருக்கும். குலுக்கையைப் பார்க்கிற பரிசோதனைக்கு ஃபெரிட்டின் என்று பெயர். உடம்பில் சேமிப்பாக இருக்கிற இரும்புச்சத்தின் அளவு அது. 15-க்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஓடுகிறவர்களுக்கு 30, 35-க்குக் கீழே வந்தாலே விளையாட்டு மருத்துவர்கள் கவனிக்க ஆரம்பிக்கிறார்கள். சளி, காய்ச்சல், வீக்கம் எதுவும் இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதால், உடம்பு நன்றாக இருக்கிற நாளில், முந்தின நாள் கடும் பயிற்சி இல்லாமல், ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் தனியார் பரிசோதனைக் கூடத்தில் ஆகும் செலவு ஒரு மாத டப்பாச் செலவைவிடக் குறைவுதான்.

நீங்கள் எழுதியதை வைத்து என் ஊகம், அந்த எண் மிகக் குறைவாகத்தான் வரும். பதினாறு பதினேழு வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 32 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்கிறது நம் நாட்டுப் பரிந்துரை. வளர்ந்த ஆணுக்கு 19 போதும். அவள் சாப்பிடும் அளவில் 32 சேர வழியே இல்லை. அது போக, ஓடுகிறவர்களுக்குத் தனிச் செலவுகள் உண்டு. வியர்வையில் கொஞ்சம் போகும், கெட்டித் தரையில் பாதம் மோதும்போது சில சிவப்பணுக்கள் உடையும், குடலில் இருந்து துளித்துளியாகக் கசியலாம். இன்னொரு சங்கதியும் இருக்கிறது. கடுமையாக ஓடி முடித்த பிறகு, மூன்று மணி நேரத்தில் இருந்து ஆறு மணி நேரம் வரை, கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும். குடலில் இரும்பு உள்ளே வருகிற கதவை அது சாத்திவிடும். அதனால் ஓடி முடித்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள், கதவு சாத்துவதற்கு முன், சாப்பாடு உள்ளே போய்விட வேண்டும். உங்கள் பிள்ளை அந்த நேரத்தில் குளித்துவிட்டு வேனுக்கு ஓடுகிறாள்.

அப்புறம் அந்த டீ. தேயிலையில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டீயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என்னாலேயே முடியாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் இருக்கட்டும், அவ்வளவுதான்.

இரும்பு மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிற எல்லோருக்கும் இரும்பு குறைவு என்று சொல்ல முடியாது. சிலருக்குத் தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறு பரம்பரையாக இருக்கும். அவர்களுக்கு இரும்பைத் திணித்தால் பயன் இல்லை, சேர்ந்து கெடுதலாகவும் ஆகலாம். ஃபெரிட்டின் குறைவு என்று உறுதியானால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை கிடைக்கும். பள்ளியில் வாரம் ஒரு நாள் நீல நிற மாத்திரை தருவார்களே, அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறாளா, விழுங்குகிறாளா என்று கேளுங்கள். பாதிப் பிள்ளைகள் குமட்டுகிறது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சேமிப்பு காலியாக இருந்தால் வாரம் ஒன்று போதாது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவர் எழுதுவார். சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் நன்றாகவும் சேர்கிறது, வயிற்றையும் படுத்துவதில்லை, அதையும் கேட்டுப் பாருங்கள். நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூட இருந்தால் நல்லது. பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை மறுபடி பார்க்க வேண்டும். பூச்சி மாத்திரை பள்ளியில் கொடுத்தபோது சாப்பிட்டாளா என்பதையும் விசாரித்து வையுங்கள், கொக்கிப்புழு ஒன்றே ரத்தத்தைக் குடித்துத் தீர்த்துவிடும்.

சாப்பாட்டில் இரும்பு என்றதும் எல்லோரும் பீட்ரூட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பீட்ரூட் சிவப்பாக இருக்கிறது, ரத்தமும் சிவப்பாக இருக்கிறது, அந்த அளவில்தான் உறவு. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. அதில் இருக்கிற நைட்ரேட் ஓட்டத்துக்கு உதவும் என்பது வேறு கதை. பேரீச்சம்பழத்துக்கும் அது சம்பாதித்திருக்கிற பெயர் கொஞ்சம் அதிகம். நம் பாட்டிமார் வயதுக்கு வந்த பிள்ளைக்கு ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், வறுத்துக் கொடுத்தார்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. 100 கிராமில் 40 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு, அதுவும் உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்கிற வகை. ஆட்டு ஈரலும் நல்லதுதான். கறிக்கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் வாரம் ஒரு நாள் கிடைக்கும், நன்றாக வேக வைத்துக் கொடுங்கள். மற்ற நாட்களில் கம்பு, எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, காராமணி, கொண்டைக்கடலை. இந்தத் தாவர இரும்பு தானாக உள்ளே போகத் தயங்கும், பக்கத்தில் புளிப்பு ஒன்று வேண்டும். சுண்டலில் எலுமிச்சை பிழியுங்கள், பள்ளிக்கு ஒரு கொய்யாக்காயோ இரண்டு நெல்லிக்காயோ கொடுத்து அனுப்புங்கள்.

நேரம் இல்லை என்று சொல்வீர்கள், தெரியும். அதனால் புதிதாகச் சமைக்க எதையும் சொல்லப் போவதில்லை. எழுந்ததும் டீக்குப் பதிலாக ஒரு வாழைப்பழம், ஒரு கடலை உருண்டை. மைதானத்துக்குப் போகும்போதே ஒரு தூக்குவாளியில் கம்பங்கூழோ கேப்பைக்கூழோ மோர் விட்டுக் கரைத்து, உப்புப் போட்டு, இரண்டு அவித்த முட்டையோடு கொடுத்துவிடுங்கள். ஓடி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரட்டும். வேனில் சாப்பிட இரண்டு இட்லி, பொடி தடவி. மத்தியானச் சோற்றோடு பருப்பும் தயிரும் இருக்கட்டும். சாயங்காலப் பயிற்சிக்கு முன் சுண்டல். ராத்திரி தோசை நாலாகட்டும், கூட சாளையோ நெத்திலியோ இருந்தால் உத்தமம். ஒரு மாதத்துக்கு இந்தக் கூடுதல் சாமானுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், 2,800-ஐத் தொடாது என்று நினைக்கிறேன்.

இனி தண்ணீர். சாரும் உங்கள் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள், இரண்டிலும் பாதி நியாயம் இருக்கிறது.

3000 மீட்டர் பந்தயம் பதினொரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதற்குள் தண்ணீர் குடிக்க வேண்டிய தேவையே இல்லை, சார் சொல்வது சரி. ஆனால் பயிற்சி பதினொரு நிமிடம் இல்லையே! ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி நேரம், அதுவும் சித்திரை வெயில் காலத்தில். வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு ஓடு என்கிற பழைய பாடம் அங்கே செல்லாது. எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதை நானோ சாரோ தம்பியோ சொல்ல வேண்டியதில்லை, ஒரு எடை மெஷின் சொல்லிவிடும். பயிற்சிக்கு முன், சிறுநீர் கழித்துவிட்டு, லேசான உடையில் எடை பாருங்கள். முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு அதே மாதிரி பாருங்கள். 44.2 கிலோவில் போனவள் 43.3 கிலோவில் வருகிறாள், நடுவில் 200 மில்லி குடித்தாள் என்று வைத்துக்கொண்டால், வியர்வையாகப் போனது 900 மில்லியும் 200 மில்லியும் சேர்ந்து 1.1 லிட்டர். குறைந்த ஒரு கிலோவும் ஒரு லிட்டரும் ஒன்றுதான்.

எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர் குறைந்தால் நீண்ட நேர ஓட்டம் பாதிக்கப்படும், வெயிலில் இன்னும் அதிகமாக. உங்கள் பிள்ளைக்கு அந்த இரண்டு பங்கு 900 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரே வேளையில் அவள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். காலையில் பாதிதான் ஈடாகி, பள்ளியில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருந்து, சாயங்காலம் மறுபடி மைதானத்துக்குப் போகிறாள் என்றால், இரண்டாவது பயிற்சியை வறண்ட உடம்போடுதான் ஆரம்பிக்கிறாள். எழுந்ததும் ஒரு பெரிய தம்ளர், 250 முதல் 300 மில்லி. பயிற்சியின்போது கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நாலைந்து மடக்கு, ஏறக்குறைய 100 மில்லி. முடிந்த பிறகு, குறைந்த எடையைப் போல ஒன்றேகால் மடங்கு, ஒன்றரை மடங்கு வரை, அடுத்த சில மணி நேரத்தில் பிரித்துப் பிரித்து. 900 கிராம் குறைந்திருந்தால் 1.1-இல் இருந்து 1.35 லிட்டர். ஒரே மூச்சில் குடித்தால் பாதி சிறுநீராகப் போய்விடும்.

இந்த எடை பார்க்கிற வேலையை மூன்று நாலு நாள் செய்தால் போதும், பிறகு மெஷினைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுங்கள். எண்ணை நீங்கள் ஒரு நோட்டில் எழுதுங்கள், அவள் கண்ணில் அதிகம் படவே வேண்டாம். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாராவது அவள் காதில் ஓதியிருக்கலாம். ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடுகிற பிள்ளை கையில் எடை மெஷினைக் கொடுப்பது எனக்குப் பிடிக்காத காரியம். ஜூன், ஜூலையில் குற்றாலச் சாரல் அடிக்கும்போது இன்னும் ஒருமுறை பாருங்கள். அந்தக் காற்றில் வியர்வை வெகுவாகக் குறைந்திருக்கும், கோடையின் கணக்கு அப்போது ஒத்துவராது.

தம்பி சொல்கிற அஞ்சு லிட்டருக்கு வருகிறேன். வியர்த்ததைவிட அதிகமாக வெறும் தண்ணீரைக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம், முற்றினால் வலிப்பு, மூளை வீக்கம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது, அந்த 488 பேரில் மூன்று பேருக்கு உயிருக்கே ஆபத்தான அளவில். அதே ஓட்டத்தில் ஓர் இளம்பெண் இதனால் இறந்தும் போனார். ஓடும்போது எடை கூடியிருந்தவர்கள், அதாவது வியர்த்ததைவிட அதிகம் குடித்தவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். ஆக, பயிற்சி முடிந்து பார்க்கும்போது எடை கூடியிருக்கக் கூடாது, அது ஒன்றை நினைவில் வையுங்கள்.

உப்பைப் பொறுத்தவரை, ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் சோடியம் போகும் என்று வைத்துக்கொள்ளலாம், ஆளுக்கு ஆள் நிறைய மாறும். சாப்பாட்டு உப்பாகச் சொன்னால் இரண்டரை கிராம், அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. துணியில் வெள்ளைப் படலம் காய்ந்து நிற்கிறதா, வியர்வை கண்ணில் பட்டால் எரிகிறதா என்று பாருங்கள், அப்படி என்றால் அவள் உப்பு அதிகம் இழக்கிற வகை. நம் ரசம், சாம்பார், ஊறுகாயிலேயே பெரும்பகுதி திரும்பிவிடும், உப்பு மாத்திரை தேவைப்படாது. பயிற்சி ஒரு மணி நேரத்தைத் தாண்டும் நாட்களில் மட்டும் ஒரு லிட்டர் தண்ணீரில் எட்டுப் பத்து டீஸ்பூன் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, ஓர் எலுமிச்சை. கடையில் விற்கிற விளையாட்டுப் பானத்தின் சேர்மானம் இதிலிருந்து அதிகம் விலகியிருக்காது. சர்க்கரை எதற்கு என்றால், குடலில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்துத்தான் உள்ளே போகும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு. பானகத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டாலும் சரி. பயிற்சிக்குப் பிறகு உப்புப் போட்ட நீர்மோரும், பழைய சோற்று நீராகாரமும் அருமையான பொருள்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான், ஆகவே இளநீர் குடித்தால் கூட ஏதாவது உப்பாகச் சாப்பிட வேண்டும். இந்த உப்புக் கணக்கு ஓடுகிற பிள்ளைக்கு மட்டும். வீட்டில் பிரஷர் உள்ளவர்கள் அந்தப் பாட்டிலில் பங்கு கேட்க வேண்டாம்.

கடையில் வாங்குவதாக இருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் சேர்மானம் என்று அச்சிட்ட ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும், அது வயிற்றுப்போக்குக்கான மருந்து, அதிகம் வியர்த்த நாளிலும் உதவும். அட்டைப் பெட்டியில் பழ வாசனையோடு வந்த இனிப்புப் பானங்களும் அதே பெயரைப் போட்டுக்கொண்டு விற்றன. அந்தச் சேர்மானம் இல்லாத எதுவும் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் உத்தரவு போட்டது. குளுக்கோஸ் பவுடர் என்று வருவது பெரும்பாலும் வெறும் சர்க்கரை, சோடியம் எவ்வளவு என்று பின்பக்கம் திருப்பிப் படியுங்கள்.

பள்ளிக் கழிப்பறை விஷயத்தில் என்னிடம் மருந்து எதுவும் இல்லை, கோபம்தான் இருக்கிறது. என்னிடம் வருகிற பெண்பிள்ளைகளில் பாதிப் பேர் சொல்கிற காரணம் இது. நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். ஒருத்தியாகப் போனால் அனுப்பிவிடுவார்கள்.

ராத்திரி கெண்டைக்கால் பிடிப்பதற்குக் கால்சியமும் மெக்னீசியமும்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நிரூபணம் பலவீனமாகத்தான் இருக்கிறது. பெரும்பாலும் களைத்த தசையில் நரம்பின் கட்டுப்பாடு தவறுவதால் வருவது. பிடித்த உடனே பாத விரல்களை முட்டியை நோக்கி இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், விட்டுவிடும். சாப்பாடும் ஓய்வும் தண்ணீரும் சீரானால் குறையும் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்போது அந்த நாலு டப்பா. மல்டிவைட்டமின் கெடுதல் செய்யாது, ஆனால் சாப்பாடு சீரான பிறகு தேவையும் இருக்காது. அதில் இருக்கிற ரிபோஃபிளேவின் சிறுநீரை அடர் மஞ்சளாக்கும். தண்ணீர் போதுமா என்று சிறுநீர் நிறத்தை வைத்துப் பார்க்கிற வழியையும் அது கெடுத்துவிடும். கால்சியத்துக்கு அவளுக்கு வேண்டியது ஒரு நாளைக்கு 1,050 மில்லிகிராம். 100 கிராம் கேப்பையில் 360 இருக்கிறது, அரை லிட்டர் பால் தயிரில் 600, முள்ளோடு சாப்பிடுகிற நெத்திலியில் மீதி. 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யை நான் வேண்டாம் என்றே சொல்வேன். பயிற்சி செய்யும்போது உடம்பில் உண்டாகிற அந்தச் சின்ன அழுத்தம்தான் தசையைப் பலப்படுத்துகிற சமிக்ஞை, அளவுக்கு மீறிய வைட்டமின் சி-யும் ஈ-யும் அந்தச் சமிக்ஞையை அணைத்துவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு கொய்யாப்பழம் போதும். எலக்ட்ரோலைட் பவுடருக்கு மேலே சொன்ன எலுமிச்சைத் தண்ணீரே மாற்று.

வைட்டமின் டி-யை மருத்துவர் பார்க்கச் சொன்னால் பாருங்கள். விடியற்காலையும் அந்தியும் ஓடுகிற பிள்ளைக்கு, வைட்டமின் டி உண்டாக்குகிற உச்சி வெயில் படுவதே இல்லை. ஆனால் வாரம் ஒன்று என்று எழுதித் தருகிற 60,000 யூனிட் பாக்கெட்டை, சொன்ன வாரங்கள் முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும். மாதக்கணக்கில் தொடர்ந்து குடித்து ரத்தத்தில் கால்சியம் ஏறி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. நாளைக்கு மாநிலம், தேசியம் என்று போனால் ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு அவளும் உட்பட வேண்டியிருக்கும். சீனியர் அக்கா கொடுத்தாள், ஜிம்மில் விற்றார்கள் என்று லேபிள் இல்லாத பவுடர் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. 2000, 2001-இல் ஜெர்மனியின் கொலோன் ஆய்வுக்கூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருள்களைச் சோதித்தபோது 94-இல், லேபிளில் சொல்லாத ஹார்மோன் கலந்திருந்தது. தெரியாமல் சாப்பிட்டேன் என்பது அங்கே எடுபடாது. களைப்புக்கு ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்வதும் அப்படித்தான். மருத்துவமனைச் சிகிச்சையாக இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றினால், உள்ளே இருப்பது வெறும் வைட்டமினாக இருந்தாலும் விதிமீறல்.

சாரோடு சண்டை போட வேண்டாம். பிள்ளை மேல் அக்கறை இருப்பதால்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த எடை நோட்டையும் ஃபெரிட்டின் முடிவையும் அவரிடம் காட்டுங்கள், மருத்துவர் பார்க்கிற வரை ஓட்டத்தின் அளவைக் கொஞ்சம் குறைக்கும்படி கேளுங்கள். பயிற்சியாளர்கள் எண்களை மதிப்பார்கள். நேரம் உடனே திரும்பாது, குலுக்கை நிறைய இரண்டு மூன்று மாதமாவது ஆகும்.

ரத்தம் கொடுக்கப் போகும் நாளில் நீங்களும் கையை நீட்டுங்கள் அம்மா. படியேறினால் மூச்சு வாங்குவதை வயசு என்று எழுதியிருக்கிறீர்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 2019-21-இல், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகையோடு இருந்தார்கள். பிள்ளைக்கு வறுக்கிற சுவரொட்டியில் ஒரு பங்கு உங்கள் தட்டுக்கும் வரட்டும். இரண்டு பேருடைய முடிவும் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.